நாடுகள் பல கண்ட கைத்துப்பாக்கி: பிரௌனிங் ஹை-பவர்

ஒரு நாட்டின் படைக்கலத் தொழில் எந்நிலையில் உள்ளது என்பதை அறியப் பெரும் பீரங்கிகளை மட்டுமே நோக்க வேண்டியதில்லை. அதிகாரியின் இடுப்புறையில் இருக்கும் கைத்துப்பாக்கியும் அதனைத் தெரிவிக்கும். பெல்ஜியத்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, இந்தியாவில் மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் வரை வந்து சேர்ந்த 9 மி.மீ. பிரௌனிங் ஹை-பவர் துப்பாக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தோற்றம்

முதல் உலகப் போருக்குப் பின்னர், கூடுதலான தோட்டாக்களைக் கொள்ளக்கூடிய புதிய கைத்துப்பாக்கி ஒன்றைப் பிரெஞ்சுப் படை நாடியது. அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங், பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில் இயங்கிய ஃபாப்ரிக் நாசியோனால் நிறுவனத்திற்காக இப்பணியை மேற்கொண்டார். அமெரிக்கப் படையின் புகழ்பெற்ற எம்.1911 துப்பாக்கியை வடிவமைத்தவரும் இவரே. எனினும், புதிய துப்பாக்கி முழுமை பெறுமுன், 1926 ஆம் ஆண்டு நவம்பரில் ஹெர்ஸ்டாலிலேயே அவர் காலமானார்.

எஞ்சிய பணியை அந்நிறுவனத்தின் பொறியாளர் த்யுதொன்னே சேவ் ஏற்றார். எம்.1911 துப்பாக்கியின் அமைப்புகள் சிலவற்றின் மீதான கோல்ட் நிறுவனக் காப்புரிமைகள் 1928 இல் காலாவதியாயின. அவ்வமைப்புகளைத் தம் வடிவத்தில் இணைத்துக்கொள்ளும் உரிமை இதனால் சேவுக்குக் கிட்டியது. இறுதியில் பிரான்சு வேறொரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும், 1935 இல் பெல்ஜியப் படை இதனை ஏற்றுக்கொண்டது.

அமைப்பும் இயக்கமும்

இத்துப்பாக்கியின் தனிச்சிறப்பு சேவ் உருவாக்கிய தோட்டாப் பெட்டியாகும். அக்காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கப்பட்டன, எம்.1911 கொண்டவை ஏழே. சேவ் அவற்றை ஒன்றுவிட்டு ஒன்று விலகி நிற்குமாறு இரு வரிசைகளாக அடுக்கினார். பெட்டியின் வாயில் மட்டும் இவை ஒற்றை வரிசையாகக் குறுகும். கைப்பிடி அதிகம் பருக்காமலேயே 13 தோட்டாக்கள் அதில் அடங்கின.

சுடும்போது, குழலும் அதன் மேலுள்ள எஃகு உறையும் ஒன்றோடொன்று பூட்டப்பட்ட நிலையில் சிறிது தொலைவு பின்னோக்கி நகரும். குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் குழலின் பின்பகுதி கீழிறங்கிப் பூட்டு விடுபடும். உறை மட்டும் மேலும் பின்சென்று வெற்றுக் கூட்டை வெளியேற்றும். வில்லின் விசையால் திரும்புகையில் புதிய தோட்டாவைக் குழலினுள் செலுத்தும்.

மற்றொரு பாதுகாப்பு அமைப்பும் இதில் உண்டு. தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது எனக் கருதுவது ஆபத்தான தவறு. குழலினுள் ஒரு தோட்டா எஞ்சியிருக்கக்கூடும். எனவே, பெட்டி இல்லாதபோது விசையை அழுத்தினாலும் சுடாதவாறு இது அமைக்கப்பட்டது.

போர்க்காலம்

1940 ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்தைத் தாக்கியது. ஹெர்ஸ்டால் தொழிற்சாலை ஆக்கிரமிப்பாளர் வசமாயிற்று. பெல்ஜியத்தின் பாதுகாப்பிற்கென உருவான துப்பாக்கி, அந்நாட்டை அடிமைப்படுத்திய படைக்கே இலட்சக்கணக்கில் தயாராகியது. தொழிற்சாலைக் கட்டடத்தையும் இயந்திரங்களையும் பகைவன் கைப்பற்றிவிட இயலும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆனால் தொழில்நுட்ப அறிவு தப்பியது. பிரிட்டனுக்குச் சென்றடைந்த ஃபாப்ரிக் நாசியோனால் பொறியாளர்களின் துணையும் கையிலிருந்த மாதிரித் துப்பாக்கிகளும் கொண்டு, வரைபடங்கள் புதிதாக உருவாக்கப்பட்டன. கனடாவின் டொரான்டோ நகரில் ஜான் இங்கிலிஸ் நிறுவனம் 1944 இல் உற்பத்தியைத் தொடங்கியது. கொதிகலன்களும் நீராவி எந்திரங்களும் செய்துவந்த தொழிலகம் அது. பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியைச் செய்து நுண்ணளவுப் பணியில் பயிற்சி பெற்றிருந்தது. சீனாவின் தேவைக்கெனத் தொடங்கிய இவ்வுற்பத்தி 1945 இல் நிறைவுறுவதற்குள் ஏறத்தாழ 1,50,000 துப்பாக்கிகளை எட்டியது. இவ்வாறு ஒரே வடிவம் போரின் இரு தரப்பினர் கைகளிலும் இருந்தது.

இந்தியாவில்

போருக்குப் பின் பிரிட்டன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் இதனைப் பயன்படுத்தின. இந்தியாவில் இங்கிலிஸ் மாதிரியை ஒட்டிய ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’ இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு, படைகளுக்கும் காவல் துறையினருக்கும் வழங்கப்பட்டது. 2021 அக்டோபர் 1 ஆம் நாள் போர்த்தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாக மாற்றியமைக்கப்பட்டபோது, இஷாப்பூர் தொழிற்சாலை அவற்றுள் ஒன்றின் கீழ் வந்தது.

பிறந்த இடத்தில் இத்துப்பாக்கியின் உற்பத்தி 2017 இல் நின்றது. 2013 இல் பிரிட்டன் இதற்கு மாற்றாக க்ளாக் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. கனடாவோ போர்க்காலத்தில் தான் செய்த துப்பாக்கிகளையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பயன்படுத்தியது. தேய்ந்த உறுப்புகளை மாற்றி மாற்றியே அவற்றின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. உறுதியான வடிவம் நெடுங்காலம் உழைக்கும் என்பதற்கு இது சான்று. மாற்றத்தைத் தள்ளிப்போடுவதால் வரும் பராமரிப்புச் சுமைக்கும் இதுவே சான்று.

படிப்பினை

ஒரு கிலோகிராம் எடையுள்ள இச்சிறு கருவி தரும் படிப்பினை தெளிவானது. உரிமம் பெற்ற வரைபடம் தொடக்கம் மட்டுமே. தக்க எஃகு, அதனைப் பதப்படுத்தும் முறை, உறுப்புகளைச் சரிபார்க்கும் அளவுமானிகள், பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் ஓர் உறுப்பு மற்றொன்றோடு பிசகின்றிப் பொருந்தும். டொரான்டோவிலும் இஷாப்பூரிலும் இவ்வடிவம் வேரூன்றியது இந்நான்கும் அங்கே இருந்தமையால்தான். தற்சார்பு என்பதன் நடைமுறைப் பொருளும் இதுவே.