இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் சிறுதொழில்களின் வணிக அடையாளம்

வணிக அடையாளம் என்பது ஒரு நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ பிறருடையவற்றிலிருந்து வேறுபடுத்தி அறியப் பயன்படும் பெயர், சின்னம், எழுத்துரு, நிறம், உறை ஆகியவற்றின் தொகுப்பாகும். பெருநிறுவனங்கள் இதற்கெனத் தனித்துறையும் விளம்பர முகமைகளும் வைத்துள்ளன. குறைந்த முதலில் தொடங்கும் சிறுதொழிலில் உரிமையாளரே இத்தெரிவுகளைச் செய்ய வேண்டியுள்ளது. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்கள் இதற்கு இரு வேறு வகையான எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

ஊர்ப்பெயரும் கடைப்பெயரும்

திருவில்லிபுத்தூரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்ற பொருள் பால்கோவா ஆகும். பசும்பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படும் இவ்வினிப்புக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பின்னர் புதிதாகக் கடை தொடங்குவோர் பலர், கடைப்பெயருடன் ஊர்ப்பெயரைச் சேர்த்துவிட்டால் தமக்கெனத் தனி உரிமை கிடைத்துவிடும் எனக் கருதுகின்றனர். இது தவறாகும்.

புவிசார் குறியீடும் வணிகச்சின்னமும் வேறு வேறு சட்டங்களின் கீழ் வருபவை. இரண்டு சட்டங்களும் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. புவிசார் குறியீடு ஒரு பகுதியின் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவானது. அதனை விற்கவோ பிறருக்கு உரிமம் தரவோ முடியாது. வணிகச்சின்னம் தனியொருவருக்கோ தனி நிறுவனத்துக்கோ உரியது. எனவே 'திருவில்லிபுத்தூர் பால்கோவா' என்னும் தொடர் பெட்டியின்மேல் எவ்வளவு பெரிதாக அச்சிடப்பட்டாலும், அது அடுத்த கடையிலிருந்து எதனையும் வேறுபடுத்துவதில்லை. வாங்குபவர் மறுமுறை வரும்போது எந்தக் கடையில் வாங்கினோம் என்பதை நினைவுகூர முடியாமல் போவதே இதன் விளைவு. பேருந்து நிறுத்தத்தருகே ஒரே மாதிரியான பலகைகள் வரிசையாக நிற்கும் ஊரில் இது சிறிய இழப்பு அன்று.

ஊர்ப்பெயரைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. தகுதியுள்ள உற்பத்தியாளர், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனப் பதிந்துகொள்ளலாம். இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. வணிக அடையாளத்துக்குச் செய்யும் செலவுகளுள் இதைவிடக் குறைந்ததொன்றைக் காண்பது கடினம். வேறொரு மாவட்டத்தில் காய்ச்சிய பால்கோவாவுக்கு இப்பெயரை இட்டு விற்பவரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டவும் இப்பதிவு உதவும்.

பெயர் தெரிவு

பொருளின் தன்மையையோ தரத்தையோ மட்டும் கூறும் சொற்கள் (எ.கா: 'சுத்தமான', 'சுவை', 'பால்') பொதுவாக வணிகச்சின்னமாகப் பதிவு பெறுவதில்லை. கடவுட் பெயர்களிலும் சிக்கல் உண்டு. ஆண்டாள் பிறந்த ஊர் என்பதால் திருவில்லிபுத்தூரில் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளும் விருப்பம் இயல்பானதே. ஆயினும், ஊதுபத்திக்கு 'இராமாயண்' என்ற சொல்லைத் தனியுரிமையாகக் கோரிய வழக்கில், சமயநூற் பெயரை ஒருவர் தமக்கு மட்டும் உரியதாகக் கொள்ள இயலாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பலரும் வழங்கும் தெய்வப்பெயரைக் கடைக்கு வைக்கத் தடையில்லை. பிறர் வைப்பதைத் தடுப்பதுதான் அரிது.

குடும்பப்பெயர், முன்னோர் பெயரின் சுருக்கம், புதிதாகப் புனைந்த சொல் ஆகியவை பாதுகாக்க எளியவை. சில வேளைகளில் பெயரை வாங்குபவரே இட்டுவிடுகின்றனர். திருநெல்வேலியின் 'இருட்டுக்கடை' அல்வாவுக்கு அப்பெயர் மங்கலான விளக்கொளியில் வணிகம் நடந்ததால் வந்தது. காசு கொடுத்துப் பெறக்கூடிய பெயரன்று அது.

பதிவுக் கட்டணம், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பிறருக்கு 9,000 ரூபாய். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பால்பொருட்கள் 29-ஆம் வகுப்பிலும் இனிப்புகள் 30-ஆம் வகுப்பிலும் அடங்குவதால், பால்கோவா விற்பவர் பணம் கட்டுமுன் இதனைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. பதிவகத்தின் இணையத்தளத்தில் ஒலியொப்புமையுள்ள பெயர்களை இலவசமாகத் தேடலாம். பெட்டி அச்சிட்ட பின்னர் தேடுவோரே மிகுதி என்பதுதான் வருந்தத்தக்கது. பதிவு கிடைக்குமுன் 'டி.எம்.' எனக் குறிக்கலாம். வட்டத்துக்குள் 'ஆர்' இடுவது குற்றமாகும்.

உடனடியாகப் பதிவு செய்யப் பணமில்லாதவர் முதல் நாளிலிருந்தே பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டுகளைத் தேதியுடன் பாதுகாத்து வைக்கலாம். யார் முதலில் பயன்படுத்தினார் என்ற பிணக்கில் அவை சான்றாகும்.

கோபுரச் சின்னம்

திருவில்லிபுத்தூர் வணிகர்கள் இயல்பாக நாடும் படம் பதினொரு நிலைக் கோபுரம். தமிழ்நாடு அரசின் இலச்சினையில் உள்ளது இக்கோபுரமே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமே அது என்ற கருத்தும் உண்டு. எவ்வாறாயினும், மாநில அரசின் இலச்சினையை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடைசெய்கிறது. கோபுரத்தை வரைவது வேறு, இலச்சினையின் அமைப்பை ஒத்து வரைவது வேறு. மேலும், எல்லாப் பெட்டியிலும் கோபுரம் இருக்குமாயின் அது எக்கடையையும் குறிக்காது.

எழுத்தும் எழுத்துக்கூட்டலும்

இணையத்தில் தேடப்படும் காலத்தில் எழுத்துக்கூட்டல் பணச்செலவில்லாத, ஆனால் கவனம் தேவைப்படும் தெரிவு ஆகும். இவ்வூரின் பெயர் 'திருவில்லிபுத்தூர்' என்றும் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்றும் எழுதப்படுகிறது. உரோமன் எழுத்திலோ இன்னும் பலவாறு. இதனுள் ஒரு நுட்பச் சிக்கலும் உண்டு. 2005-இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் 'ஶ' எழுத்து சேர்க்கப்பட்ட பின்னர், 'ஸ்ரீ' என்பதை 'ஸ'-வைக் கொண்டும் 'ஶ'-வைக் கொண்டும் உள்ளிட முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை வேறு சொற்கள்.

அச்சகங்களில் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் தட்டச்சிட்ட பெயரைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். ஆகவே சின்னம் வரைபவரிடமிருந்து, பெரிதாக்கினாலும் சிதையாத திசையன் கோப்பையும் பெயரின் ஒருங்குறி வடிவத்தையும் கேட்டுப் பெறுவது பின்னாட்செலவைக் குறைக்கும். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி.

உறையும் அச்சும்

அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி அருகில் இருப்பது இப்பகுதியினருக்கு வாய்ப்பாகும். ஆப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு தேவைப்படுகிறது. தகட்டுச் செலவு நூறு பெட்டிக்கும் பத்தாயிரம் பெட்டிக்கும் ஒன்றே. எனவே முதல் ஆண்டில் அச்சில்லாத வெற்றுப் பெட்டியில் ஒரே நிற ஒட்டுச்சீட்டை ஒட்டுவது சிக்கனமானது. ஒரு நிறத்தில் தெளிவாகத் தெரியாத சின்னம் பல நிறத்தில் அச்சிட்டாலும் பெரும்பாலும் தெளிவு பெறுவதில்லை.

பெட்டியில் அடைத்த உணவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், உட்பொருட்கள், நிகர எடை, தயாரித்த நாள், விலை, சைவ உணவுக்குரிய பச்சைக் குறி ஆகியவை இடம்பெற வேண்டும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் 'எந்நாளுக்குள் உண்பது நன்று' என்ற தேதியைக் கடையில் காட்டுவது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பால்கோவா விரைவில் கெடும் பொருள். தேதியை மறைவாக அச்சிடும் கடையை விட, முகப்பில் அச்சிடும் கடையின் பெயரே நம்பிக்கை பெறும்.

இராஜபாளையம்

இராஜபாளையத்தின் நிலை வேறு. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணியும் தளவாய்புரத்தில் நைட்டியும் தயாராகின்றன. இவற்றில் ஒரு பகுதி பெயரின்றிச் சென்று, வாங்கி விற்பவரின் பெயரில் கடைக்கு வருகிறது. உழைப்பு இங்கும் பெயர் வேறிடத்திலும் இருப்பதால் விலையை முடிவு செய்யும் ஆற்றலும் வேறிடத்துக்குப் போய்விடுகிறது. எல்லா உற்பத்தியையும் உடனே சொந்தப் பெயரில் விற்பது சிறு தையலகத்துக்கு இயலாது. ஒரு சிறு பங்குக்கு மட்டும் கழுத்துப்பட்டையில் நெய்த பெயர்த்துணி தைத்து, எஞ்சியதை வழக்கம்போல் அனுப்புவது குறைந்த இடருள்ள தொடக்கமாகும். உடைக்கு 25-ஆம் வகுப்பும் கட்டுத்துணிக்கு 5-ஆம் வகுப்பும் பொருந்தும்.

இவ்வூரிலேயே பெயர் வளர்ந்த வரலாறும் உண்டு. 1936-இல் இராஜபாளையம் மில்ஸை நிறுவிய பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சந்தையில் அதன் சிமெண்ட் 'ராம்கோ' என்றே அறியப்பட்டது. 2013-இல் நிறுவனம் தன் பெயரையே 'தி ராம்கோ சிமெண்ட்ஸ்' என மாற்றிக்கொண்டது.