நூறு கிலோ கிளிஞ்சலின் கணக்கு

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலும் அதை ஒட்டிய கோட்டைப் பகுதியிலும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் உள்சுவருக்குப் பட்டி பார்க்காமல் வண்ணம் பூசுவதில்லை. பட்டியின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குள் நடக்கும் வேதியியல் புரிந்துவிட்டால், முதன்முறை பட்டித் தகடு பிடிப்பவரும் நன்றாகவே பூசலாம்.

கேரளத்தின் பழைய சுவர்கள் பல, வெட்டுக்கல்லோ செங்கல்லோ வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியவை. காயல்களில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு அந்தச் சுண்ணாம்பை எடுத்தார்கள். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது 100 கிலோ இருந்தால், சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துபோகும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி, 18 கிலோ நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிலோ ஆகும். சுவரில் பூசியபின் அந்த நீரை வெளியே விட்டு, காற்றிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவை மெல்ல வாங்கி, மறுபடியும் 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாக இறுகும். சூளையில் இழந்தது முழுவதும் காற்றிலிருந்தே திரும்பி வருகிறது!

இப்படி இறுகிய சுண்ணாம்பில் நுண்துளைகள் ஏராளம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்னும் இரு பருவமழைகளிலும் நனைகிற சுவர், உள்ளே வாங்கிய ஈரத்தை இந்தத் துளைகள் வழியாகத்தான் உலர்த்துகிறது. ஈரத்தோடு உப்பும் மேலே வரும். சுவரின்மேல் துளையடைக்கும் கெட்டியான பூச்சு இருந்தால், உப்பு அதற்குப் பின்னாலேயே படிகமாகி, பூச்சை நெட்டித் தள்ளும். புதிதாகப் பூசிய சுவர் ஒரே மழைக்காலத்தில் பொரிந்து உதிர்வதற்கு இது முக்கியமான காரணம்.

கடையில் வாங்கும் பட்டியில் பெரும்பாலும் வெள்ளைச் சிமெண்டும் பாலிமரும் இருக்கும். கோட்டயம் நாட்டகத்தில் 1946இல் நிறுவப்பட்ட டிராவன்கூர் சிமெண்ட்ஸ், வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சலிலிருந்தே வெள்ளைச் சிமெண்ட் செய்தது. சிமெண்டுக்குச் சாம்பல் நிறம் தருவது முக்கியமாக இரும்பு; கிளிஞ்சலில் அது மிகக் குறைவு. சுண்ணாம்புக்கும் அந்தச் சிமெண்டுக்கும் முக்கிய மூலப்பொருள் ஒன்றேயானாலும் குணம் வேறு. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து, சுண்ணாம்பைவிடக் கடினமாகவும் நெருக்கமாகவும் இறுகுகிறது.

ஆகவே முதலில் சுவரை அறிந்துகொள்ள வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு கல்லை விட்டுப் பிரிந்திருக்கும். அதைக் கொத்தியெடுத்து நிரப்ப வேண்டும். உதிரும் வண்ணத்தையும் தூசியையும் சுரண்டித் துடைக்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த சுவரின் நுண்துளைகள் பூச்சிலிருக்கும் நீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். நீரை இழந்த சிமெண்டும் சரி, சுண்ணாம்பும் சரி, இறுகாமல் பொடியாகிவிடும்.

ஒரே பூச்சாகக் கனமாக அப்பினால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்கி வெடிக்கும். இரண்டு மெல்லிய பூச்சுகளாக, முதல் பூச்சு இறுகியபின் இரண்டாவதைக் குறுக்குவாட்டில் இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டால் சமமாக வரும். சிமெண்ட் பூசிய சுவருக்குக் கடைப் பட்டி பொருந்தும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பட்டியும் மேலே வெள்ளையடிப்பும்தான் நல்லது. கசிவு இருந்தால், அதை அடைத்துச் சுவர் உலரும்வரை எந்தப் பட்டியும் வேண்டாம்.