அப்பா இரண்டாவது முறை கேட்ட சூப்

என் தங்கைக்கு ஜொகூர் பாருவில் தலைப்பிரசவம். பத்தியச் சாப்பாடு, குழந்தைக் குளியல் என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள அம்மா மூன்று மாதம் அங்கே போய்விட்டார். கிள்ளானில் எங்கள் வீட்டில் மிஞ்சியது ஐந்து பேர்: 71 வயது அப்பா, என் கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், நான்.

"அம்மா இல்லாட்டி என்னப்பா, நான் இருக்கேன்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது மணி ஏழரை. மகன் டியூஷன் முடிந்து எட்டரைக்கு வருவான். தட்டை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். மகளுக்கு டிவி முன்னால்தான் சோறு இறங்கும். கணவர் வரும்போது சில நாள் பத்து மணி ஆகிவிடும். மேசையில் மூடி வைத்த பாத்திரங்கள் மட்டும் எல்லாருக்காகவும் காத்துக் கிடக்கும்.

அப்பாவோ, கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார். "பசிக்கலம்மா. நாலு மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும் சாப்பிட்டேன். நீங்க சாப்பிடுங்க."

தராசு சொன்ன சேதி

மூன்றாவது வாரம் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அவரை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். தராசில் ஏறி நின்றார். போன முறையைவிட 4 கிலோ குறைவு. டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்தார். சர்க்கரை இல்லை, வேறு கோளாறும் தெரியவில்லை. "சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிங்க" என்றார்.

அம்மா பக்கத்தில் இல்லாத ஏக்கம் என்றுதான் நினைத்தேன். அவருக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று கிளம்பினேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல், மொறுமொறுவென நெத்திலி சம்பல், முருங்கைக்காய் சாம்பார், பொரித்த கோழி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றேன். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். "நல்லாருக்கும்மா" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

அலுவலக விருந்தில் கிடைத்த யோசனை

அந்த வாரம் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் விருந்து. எங்களோடு வேலை செய்யும் ஜெர்மானியப் பொறியாளர் ஒரு பெரிய பானையில் சூப் கொண்டுவந்திருந்தார். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பாதியை மசித்து, சோசேஜ் துண்டுகள் போட்ட கெட்டியான சூப். அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் 'கார்ட்டோஃபெல்சூப்பே'. ஒரு கிண்ணம் குடித்தால் வேறு சாப்பாடு தேவையில்லை.

உருளைக்கிழங்கு பிறந்தது தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில். ஜெர்மனிக்கும் அது வந்தேறிய கிழங்குதான். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1756-இல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி ஆணையே போட்டார். போட்ஸ்டாமில் இருக்கும் அவருடைய கல்லறையில் பூவோடு உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பொறியாளர் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம்.

எனக்கோ வேறு கணக்கு ஓடியது. ஒரே பானை. முக்கால் மணி நேர வேலை. பிள்ளைகளுக்குச் சோசேஜ் என்றால் உயிர். ஆறிப்போனால் ருசி இருக்காது, எனவே எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமையே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று மகனுக்கு டியூஷன் இல்லை. கணவரையும் எட்டு மணிக்குள் வரச் சொன்னேன்.

முதல் பானை உப்புக்கடல்

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இரண்டு சூப் கட்டிகள் போட்டேன். பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி உப்பும் போட்டேன். சோசேஜிலேயே உப்பு இருக்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை. ஒரு வாய் குடித்ததும் மகள் முகத்தைச் சுளித்தாள்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடு, அது உறிஞ்சிக்கொள்ளும் என்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் வைத்தியம். இங்கே பானை முழுக்க உருளைக்கிழங்குதானே! உண்மையில் கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுத்துக்கொள்வதில்லை. உப்புத் தண்ணீரைச் சேர்த்துத்தான் குடிக்கிறது. மிச்சமிருக்கும் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பு போடாமல் தண்ணீரையும் மற்ற பொருள்களையும் கூட்டுவதுதான் வழி. அன்று இன்னும் நான்கு கிழங்கை வேகவைத்து மசித்துச் சேர்த்து, அரை லிட்டர் வெந்நீரும் ஊற்றி ஒப்பேற்றினேன். பானை நிரம்பி வழிந்தது.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் இது ருசியோடு முடிகிற விஷயமில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சூப் கட்டி, சோசேஜ், உப்பு மூன்றும் சேர்ந்தால் ஒரே வேளையில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அன்றிலிருந்து சூப் கட்டியை நிறுத்திவிட்டேன். உப்பை இறுதியில், ருசி பார்த்த பிறகுதான் தொடுகிறேன்.

கிண்ணத்தின் ஓரத்தில்

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி முயன்றேன். கிழங்கு சீவ அப்பாவே வந்து உட்கார்ந்தார். லாரி ஓட்டிய காலத்தில் வழியில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டவர். தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவினார். "தாத்தா, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று மகள் ஒட்டிக்கொண்டாள். மகன் ரொட்டி பெங்காலியைத் தடிமனாக வெட்டி வாட்டினான்.

எட்டு மணிக்கு ஐந்து பேரும் மேசையில் இருந்தோம். அப்பா ஒரு கிண்ணம் குடித்து முடித்தார். அப்புறம் கிண்ணத்தை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?"

ஆறு வாரத்தில் அவர் இரண்டாவது முறை கேட்டது அன்றுதான். சந்தோஷமாக ஊற்றப் போனபோது கவனித்தேன். கிண்ணத்தின் ஓரத்தில் சோசேஜ் துண்டுகள் ஒன்று விடாமல் ஒதுங்கிக் கிடந்தன.

"சோசேஜ் பிடிக்கலையாப்பா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பிடிக்குது. கடிக்கத்தான் முடியல."

ஐந்து மாதத்துக்கு முன்பு அவர் பல்செட் கட்டியது எனக்குத் தெரியும். அது ஈறில் உரசிப் புண்ணாகியிருப்பது தெரியாது. அன்றிரவே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆமா, அவருக்கு வலிக்குதுதான்" என்றார் அம்மா. "கறியைப் பிச்சு, சோத்தைக் குழைச்சுத்தான் வைப்பேன். பிள்ளைங்களுக்குச் சொல்லாதே, கிண்டல் பண்ணுவாங்கன்னாரு. நான் வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

ஒரே மேசையில்தான் மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறோம். அம்மா கறியைப் பிய்த்து வைத்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா ஜொகூர் போனதும் அதுவும் நின்றுபோயிருக்கிறது. நானோ நெத்திலியும் முருங்கைக்காயும் வைத்துவிட்டு, அவர் சாப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உரசும் இடத்தைப் பார்த்துப் பல்செட்டை அங்கே சற்றுத் தேய்த்துக் கொடுத்தார். வேலை சீக்கிரமே முடிந்தது. புண் ஆற இரண்டு வாரம் ஆனது. அதுவரை அப்பாவின் பங்குக்கு மட்டும் சோசேஜைத் தோலுரித்துப் பொடியாக நறுக்கினேன். கூடவே எல்லாருடைய கிண்ணத்திலும் சில துண்டுகளைப் பொடியாகவே போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டில் வயதானவர் "பசிக்கல" என்றால் ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். எடை குறைந்தால் டாக்டரிடமும் பல்லைப் பற்றிச் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்த விஷயம் அது.

உருளைக்கிழங்கு சோசேஜ் சூப் (5 பேருக்கு)

தேவையானவை:

உருளைக்கிழங்கு – 800 கிராம்
கோழி சோசேஜ் – 5
பெரிய வெங்காயம் – 1
கேரட் – 1
செலரித் தண்டு – 1
பூண்டு – 4 பல்
பிரிஞ்சி இலை – 1
வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
எண்ணெய் – 1 தேக்கரண்டி
தண்ணீர் – 1.2 லிட்டர்
இனிப்பு சேர்க்காத டின் பால் – 100 மில்லி
மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி
ஜாதிக்காய்த் தூள் – 1 சிட்டிகை
டாவுன் சூப் – 1 கைப்பிடி
உப்பு – இறுதியில், தேவைப்பட்டால்

செய்முறை:

1. சோசேஜின் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் உரித்துவிடுங்கள். அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, எண்ணெயில் இரு பக்கமும் சிவக்க வதக்கித் தனியாக எடுத்து வையுங்கள்.

2. அதே பானையில் வெண்ணெய் போட்டு வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிடுங்கள். சூப்பின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது.

3. நறுக்கிய கிழங்கு, கேரட், செலரி சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். தண்ணீரும் பிரிஞ்சி இலையும் சேர்த்துக் கொதித்ததும் தீயைக் குறைத்து, அரைகுறையாக மூடி 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள்.

4. இலையை எடுத்துவிட்டு, பாதிக் கிழங்கை மத்தால் மசியுங்கள்.

5. சிறுதீயில் டின் பால், மிளகு, ஜாதிக்காய் சேருங்கள். பால் ஊற்றிய பின் கொதிக்கவிட வேண்டாம், திரிந்துவிடக்கூடும்.

6. சோசேஜைத் திரும்பப் போட்டு நான்கு நிமிடம் சூடாக்குங்கள். ருசி பாருங்கள். அப்புறம்தான் உப்பு. டாவுன் சூப் தூவி இறக்குங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

சோசேஜை ஆரம்பத்திலேயே போட்டு வேகவிட்டால் ஊதி வெடித்துச் சக்கையாகிவிடும். அதனால்தான் முதலில் வதக்கல், இறுதியில் சேர்த்தல்.

கிழங்கை பிளெண்டரில் அரைக்காதீர்கள். மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசைபோல ஆகிவிடும். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். சூப் கெட்டியாவதே அந்த மாவுச்சத்தால்தான்.

பச்சை படிந்த, முளைவிட்ட கிழங்கை வாங்காதீர்கள். அதில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடுதலாக இருக்கும்.

சோசேஜ் பதப்படுத்தப்பட்ட இறைச்சி. புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் அந்த வகை இறைச்சியை 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. எங்கள் வீட்டில் இந்தச் சூப் மாதம் இரண்டு முறைதான், ஆளுக்கு ஒரு சோசேஜ்தான். மற்ற வெள்ளிக்கிழமைகளில் எலும்பு நீக்கிய கோழியைப் பிய்த்துப் போடுகிறேன்.

அம்மா திரும்பி வந்தார்

மூன்று மாதம் கழித்து அம்மா வந்தார். அப்பாவின் எடையில் 3 கிலோ திரும்பியிருந்தது. வந்த வாரமே வெள்ளிக்கிழமை சூப் வைத்தேன். "சோசேஜா? பாக்கெட் சாப்பாட்டைப் போய்..." என்று முணுமுணுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "மிளகு பத்தல" என்றார். எழுந்து போய் அம்மியில் நுணுக்கிக் கொண்டுவந்து எல்லாருடைய கிண்ணத்திலும் தூவினார். நன்றாகத்தான் இருந்தது.

உட்கார்ந்ததும், அவர் கை தானாக அப்பாவின் கிண்ணத்துக்குப் போனது. கரண்டியால் சோசேஜை நசுக்கத் தொடங்கினார்.

"விடு, இப்ப நானே கடிப்பேன்" என்றார் அப்பா.

"சரி, சரி" என்றார் அம்மா. நசுக்குவதை நிறுத்தவில்லை.