‘மெர்ஸிஃபுலி’: கருணையா, நல்லவேளையா?

விழாவில் மேலதிகாரி பேசி முடிக்கிறார். ‘யுவர் ஸ்பீச் வாஸ் மெர்ஸிஃபுலி ஷார்ட்’ என்று அவரைப் பாராட்டி மெயில் அனுப்புகிறீர்கள். ஆபத்து! ‘நல்லவேளை, சீக்கிரம் முடிச்சீங்க’ என்பதுதான் அதன் பொருள்.

மெர்ஸி என்றால் கருணை. ‘தி ஜட்ஜ் ஆக்டட் மெர்ஸிஃபுலி’ என்றால், நீதிபதி கருணையோடு நடந்துகொண்டார். ஆனால், இந்தச் சொல்லுக்கு ‘நல்லவேளையாக’ என்ற பொருளும் உண்டு. ‘மெர்ஸிஃபுலி, நோ ஒன் வாஸ் ஹர்ட்’ என்றால், நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. இங்கே யாரும் கருணை காட்டவில்லை; நமக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

சரி, ‘கம்பேஷனட்லி’ என்பதும் இதுவும் ஒன்றா? இல்லை. கம்பேஷன் என்பதன் லத்தீன் வேர்ப்பொருள் ‘சேர்ந்து துன்பப்படுதல்’. நோயாளியிடம் நர்ஸ் கம்பேஷனட்லி பேசலாம். மெர்ஸி அப்படியல்ல, தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர் தண்டிக்காமல் விடுவது.

தமிழில் இரண்டுக்குமே ‘கருணை’ என்கிறோம். குழப்பம் அங்கேதான் வருகிறது. அரசியல் சாசனத்தின் 72-வது பிரிவின்படி தூக்குத் தண்டனைக் கைதி குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் கருணை மனு, ‘மெர்ஸி பெட்டிஷன்’. பணியில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் தரும் வேலை, ‘கம்பேஷனட் அப்பாயின்ட்மென்ட்’.

அப்பாவை இழந்த பிள்ளை வேலை கேட்கும் விண்ணப்பத்தில் ‘மெர்ஸி’ என்று எழுதிவிட வேண்டாம். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லையே!