எழுத்தும் கவனமும் ஒருசேரத் தடுமாறினால்...



நமது தொழில் வாய்ச்சொல்லில் நடந்தாலும் கணக்கில்தான் நிற்கிறது. சிட்டையில் ஒரு எண் மாறினால் மூட்டை மாறும். பேரேட்டில் ஒரு வரி விடுபட்டால் வசூல் விடுபடும். ஆகவே எழுத்தில் அடிக்கடி தவறு செய்பவரையும், ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்த வேலைக்கு ஓடுபவரையும் நாம் மன்னிப்பதில்லை. 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவன்' என்கிறோம். சில வேளை திருடன் என்றே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அவர்களில் சிலருக்குச் சிறுவயது முதலே இரண்டு குறைபாடுகள் இருக்கக்கூடும். ஒன்று டிஸ்லெக்சியா, மற்றொன்று ஏ.டி.எச்.டி.

இவை யாவை?

டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் அதன் ஒலியையும் விரைவாக இணைத்துப் படிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள சிரமம். இது கண்பார்வைக் கோளாறு அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், படிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அந்தச் சிறுவன் 749-ஐ 867-ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். ஆனால் எளிய சொற்கள் பலவற்றைக்கூட அவனால் படிக்க முடியவில்லை.

ஏ.டி.எச்.டி. என்பது கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதிலும், அவசரத்தை அடக்குவதிலும் உள்ள குறைபாடு. சிறுவயதிலேயே தொடங்கும். பலருக்குப் பெரியவரான பின்னும் தொடரும். பிள்ளைப் பருவத்தின் ஓட்டமும் துள்ளலும் குறைந்து, மறதி, காலந்தாழ்த்துதல், உள்ளுக்குள் ஒரு பரபரப்பு என்று உருமாறும். இதே ஆள் தமக்குப் பிடித்த வேலையில் சாப்பாட்டை மறந்து மூழ்கிக் கிடப்பதும் உண்டு. அதைப் பார்த்துத்தான் 'மனம் வைத்தால் செய்வான், திமிர்' என்று நாம் சொல்கிறோம்.

இரண்டும் குடும்பவழியாக வரக்கூடியவை. ஒன்று இருப்பவர்களில் 100-க்கு 25 முதல் 40 பேருக்கு மற்றதும் இருப்பதாக ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

இரண்டும் சேர்ந்தால்

எழுத்துச் சிரமம் மட்டும் உள்ளவர், எழுதியதை இரண்டு முறை படித்துத் திருத்திக்கொள்ள முடியும். கவனச் சிரமம் மட்டும் உள்ளவர், மறுபடி பார்த்தால் தம் பிழையைத் தாமே கண்டுகொள்வார். இரண்டும் உள்ளவருக்கு இந்த இரு வழிகளும் அடைபடுகின்றன. திருத்தப் பொறுமை வேண்டும், அது நிற்பதில்லை. படிக்கப் படிக்கக் களைப்பு வரும், களைப்பு வந்தால் கவனம் இன்னும் சிதறும்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். தொலைபேசியில் 16 மூட்டை துவரம் பருப்பு கேட்கிறார்கள். அதே நேரம் லாரி வந்து நிற்கிறது, ஒருவர் சில்லறை கேட்கிறார். சிட்டையில் 61 என்று விழுகிறது. மறுபடி பார்ப்பதற்குள் மனம் லாரிக்குப் போய்விட்டது. கொள்முதல் பில்கள் பிரிக்கப்படாமல் மேசையறையில் சேர்கின்றன. ஜி.எஸ்.டி. தாக்கல் நாள் தவறித் தாமதக் கட்டணம் வருகிறது. இதை வெளியே சொல்ல வெட்கம். 'கண்ணாடி கொண்டுவரவில்லை', 'பிறகு பார்க்கிறேன்' என்று மறைப்பதிலேயே பாதி உழைப்பு போய்விடுகிறது.

நாம் செய்த பிழை

2009-இல் நமது மண்டியில் 2 மூட்டை உளுந்து கணக்கில் குறைந்தது. சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்தவர் ஏற்கெனவே பலமுறை சிட்டையில் தவறியவர். விசாரிக்காமல் சம்பளத்தில் பிடித்தோம். நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கூடாததையும் சொன்னோம். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாக்கி வசூலுக்குப் போனபோது, ஏறக்குறைய ஒரே பெயருள்ள வேறொரு கடைக்காரர், '2 மூட்டை கூடுதலாக வந்தது' என்று தாமே பணத்தை எடுத்து வைத்தார்.

வீடு தேடிப் போய்ப் பிடித்த சம்பளத்தைக் கொடுத்தோம். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனுக்குப் படிப்பு வராமல் மருத்துவரிடம் போனபோதுதான், தகப்பனாருக்கும் இரண்டு குறைபாடுகளும் இருப்பது தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 41. 'இத்தனை நாளும் நான் மக்குன்னுதான் நானே நம்பிட்டு இருந்தேன் அண்ணாச்சி' என்றார். அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு கடைக்காரரின் கதை

அமெரிக்காவில் பால் ஓர்ஃபலா என்பவருக்கு இவ்விரு குறைபாடுகளும் உண்டு. பள்ளியில் இரண்டாம் வகுப்பிலேயே தோற்றவர். 1970-இல் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் அருகே, 5,000 டாலர் கடனில் சிறிய நகலெடுக்கும் கடையைத் தொடங்கினார். அதுவே 'கிங்கோஸ்' என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளாக வளர்ந்தது. 2004-இல் ஃபெடெக்ஸ் நிறுவனம் அதை 240 கோடி டாலருக்கு வாங்கியது. படிப்பதும் ஓரிடத்தில் உட்காருவதும் தம்மால் ஆகாது என்று உணர்ந்த அவர், எழுத்து வேலையை நம்பிக்கையானவர்களிடம் விட்டார். தாம் கிளை கிளையாகச் சென்று, ஓரிடத்தில் கண்ட நல்ல முறையை மற்ற இடங்களுக்குச் சொன்னார். எல்லோரும் கோடீஸ்வரர் ஆகிவிட முடியாது. ஆனால் ஆளுக்குத் தக்க வேலைமுறை என்பதை நாமும் பின்பற்றலாம்.

கடையில் செய்யத்தக்கவை

1. ஆர்டர் எடுப்பவர் எண்ணை 'ஒன்று, ஆறு, பதினாறு' என்று வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

2. பெயர் ஒத்த கடைகளுக்கு வெவ்வேறு வண்ணச் சீட்டுக் கட்டலாம். ஸ்வீடனின் ஐகியா நிறுவனர் காம்ப்ராத்துக்கு டிஸ்லெக்சியா இருந்தது. எண் குறியீடுகள் குழப்பியதால் சரக்குகளுக்குப் பெயர் வைத்தார்.

3. நீண்ட ஆர்டர்களை வாட்ஸ்அப்பில் குரலாகவே வாங்கலாம். மறுபடி கேட்க வசதி.

4. சிட்டை எழுதும்போது வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது. மூட்டை ஏறுமுன் இன்னொருவர் ஒத்துப்பார்க்க வேண்டும்.

5. வரி, வாடகை, காசோலை நாட்களைச் சுவரில் பெரிதாக எழுதி, செல்பேசியிலும் மணி வைக்கலாம்.

டிஸ்லெக்சியாவைப் போக்கும் மாத்திரை இல்லை, பயிற்சி உண்டு. ஏ.டி.எச்.டி.க்கு ஆலோசனையும் மருந்தும் உண்டு. மனநல மருத்துவர் பரிசோதித்துச் சீட்டு எழுதினால் மட்டுமே மருந்து எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் இடம்பெற்றுள்ளன.

அந்த நண்பர் இப்போது மீண்டும் நம் மண்டியில் இருக்கிறார். பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. சிட்டை எழுதுவது வேறொருவர். தவறே நேர்வதில்லை என்று சொல்லமாட்டோம். நேர்ந்தால் முதலில் சிட்டையைப் பார்க்கிறோம், ஆளைப் பிறகுதான் பார்க்கிறோம். உங்கள் கடையிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நீங்களாகவும் இருக்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.