மடையும் மோட்டாரும்

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரில் தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராத வீட்டுக்குத் தெண்டம். வரத்துக்காலைத் தூர்வாருவது, கரைக்கு மண் அணைப்பது எல்லாம் இப்படித்தான் நடந்தன. அதற்குப் பெயர் குடிமராமத்து. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பெரியவர்கள் அதை ஊர் ஒற்றுமை என்பார்கள். பாதி உண்மைதான். வழக்கமான அந்த உழைப்பையும் கட்டாயமாக்க ஆங்கிலேயர் 1858-இல் ஒரு சட்டமே போட்டார்கள். கூடை சுமந்தவரும் கரைமேல் நின்று வேலை வாங்கியவரும் ஒரே தெருக்காரர்கள் அல்ல. இராப்பகலாக மடையைக் காத்து நீர் பாய்ச்சியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி.

ஆனாலும் ஒன்று இருந்தது. இருபது ஏக்கர்க்காரருக்கும் அரை ஏக்கர்க்காரருக்கும் பெரும்பாலும் கண்மாயை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கரை உடைந்தால் பெரிய நட்டம் இருபது ஏக்கர்க்காரருக்குத்தான். அதனால் அவரே முன்னின்று ஊரைக் கூட்டினார். நல்ல மனது என்று சொல்ல மாட்டேன். அவர் நெல்லும் அதே தண்ணீரில்தான் விளைந்தது.

போர்வெல் (போர்) வந்தபோது அது மாறியது. காசும் நிலமும் உள்ளவர் சொந்தமாகத் துளை போட்டார். விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசமானது. அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்துக்கு அவர் ஏன் வர வேண்டும்? அவர் வராவிட்டால் வேலைச் செலவுக்கு வீடுவாரியாகப் பிரிக்கும் பணம் வசூலாகாது. பணம் இல்லை என்றால் கடைமடைக்காரரின் மண்வெட்டி மட்டும் என்ன செய்யும்? வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது.

பொருளியலாளர் பிரணாப் பர்தன் தமிழ்நாட்டில் 48 பாசனச் சமூகங்களை ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நில உடைமையில் ஏற்றத்தாழ்வு கூடிய இடங்களில் ஒத்துழைப்பு குறைவு என்பது அதன் முடிவுகளில் ஒன்று. தண்ணீர் விதிகளை வகுத்தவர்கள் ஊரின் பெருந்தலைகள்தான் என்று மற்றவர்கள் நினைத்த இடங்களில், அந்த விதிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்களும் குறைவு. பர்தன் எண்களில் கண்டதை டீக்கடையில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: 'அவனுக்குத்தான் போர் இருக்கே!'

2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் கொண்டுவந்தது. பெயர் பழையது; தமுக்குக்குப் பதில் டெண்டரும் ஜேசிபியும் பேச்சில் அடிபட்டன. செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். யார் எவ்வளவு தருவது என்பது பழைய சண்டைதான்.

இதற்குள் சில ஊர்களில் மடையையே அடைத்துவிட்டார்கள். தண்ணீர் கண்மாயிலேயே நின்றால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும் என்பது கணக்கு. போர்க்காரருக்கு அது லாபம். கிணறு இல்லாதவர் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பக்கத்து வயல் மோட்டாரிலிருந்து பாய்ச்சிக்கொள்கிறார். குழாயில் வருவது அவருடைய கண்மாயில் நின்று, மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர்தான்.