பாக்கெட் மேல் இருக்கும் தேதி: தூக்கிப் போடும் முன் ஒரு நிமிஷம்!

சமையலறையை ஒழுங்கு பண்ணும்போது அலமாரி ஓரத்தில் பிரிக்காத ரவை பாக்கெட் ஒன்று கிடைக்கிறது. தேதி போன வாரமே முடிந்திருக்கிறது. "அய்யோ, எக்ஸ்பைரி ஆயிடுச்சே!" என்று நேராகக் குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. நீங்கள் பார்த்தது எந்தத் தேதி?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது நிறுவனம் விரும்பினால் கூடுதலாகப் போடுவது.

பெஸ்ட் பிஃபோர்: இது தரம் பற்றியது. இந்தத் தேதி தாண்டினால் மணம், மொறுமொறுப்பு கொஞ்சம் குறையலாம். வண்டு, பூஞ்சை, சிக்கு வாடை எதுவும் இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

எக்ஸ்பைரி / யூஸ் பை: இதுதான் எல்லைக்கோடு. இதற்குப் பிறகு சாப்பிடக் கூடாது. கடையில் விற்கவும் கூடாது. "வாடை வரலையே" என்று நம்பாதீர்கள். நோய் தரும் கிருமிகள் எல்லாமே வாடையைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இன்னொரு விஷயம். இந்தத் தேதிகள், பிரிக்காமல், லேபிளில் சொன்னபடி வைத்திருக்கும் பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். பிரித்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்பதைத் தனியாகப் பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதை வெளியே விட்டால், தேதி இருந்தும் பயனில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோல், எலும்பு போன்றவையும் இதில் அடக்கம். எல்லாமே தேதிக் குழப்பத்தால் வீணாவதில்லை. ஆனால் அந்தக் குழப்பத்தால் போவதை இன்றைக்கே நிறுத்தலாம்.

கையில் இருக்கும் போனே உதவும்:

• எழுத்து பொடியாக இருந்தால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.
• 'பேக் செய்ததிலிருந்து 6 மாதம்' என்றிருந்தால், கணக்குப் போட்டுக் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள்.
• புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முதலில் எடுங்கள்.

காலாவதியான பொருளைக் கடையில் விற்றாலோ, தேதியை அழித்து மாற்றியிருந்தாலோ, பாக்கெட்டையும் பில்லையும் போட்டோ எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் புகார் தரலாம்.

நல்ல உணவு குப்பைக்குப் போக வேண்டாம். கெட்டது வயிற்றுக்குப் போக வேண்டாம். இரண்டுக்கும் தேவை, லேபிளை ஒரு நிமிஷம் படிப்பதுதான்.